கடைசி இழை

மல்டிடூல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, இது எவ்வளவு தடித்த ஒயரை வெட்டும் என்பதைத்தான். மின்கம்பியைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் கருவியின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. செம்பு மென்மையான உலோகம். வீட்டு ஒயரிங்கில் ஓடும் கம்பிகளில் பெரும்பாலானவற்றை ஒழுங்காகச் செய்த எந்த மல்டிடூலும் வெட்டிவிடும். நல்ல கருவியும் சுமாரான கருவியும் பிரிகிற இடம் வேறு. 0.3 மி.மீ. தடிமனுள்ள ஒரே ஒரு செம்பிழையைக் கருவியின் வாயில் கொடுத்து அழுத்திப் பாருங்கள். இழை சுத்தமாக இரண்டாகிறதா, அல்லது மடங்கி அலகுகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறதா? இந்த ஒரு சோதனையில் அந்தக் கருவியைப் பற்றிய முக்கால்வாசி உண்மை தெரிந்துவிடும்.

தடித்த கம்பியை வெட்ட விசை போதும். மெல்லிய இழையை வெட்டத் துல்லியம் வேண்டும். கையடக்கமாக மடங்கி, பத்துப் பன்னிரண்டு வேலைகளைச் செய்யும் கருவி ஒன்றில் விசையைக் கொண்டுவருவது எளிது. துல்லியத்தைக் கொண்டுவருவது அரிது. ஏன் என்று பார்ப்போம்.

செம்பு கேட்கும் விசை

மின்கம்பிக்குப் பயன்படும் செம்பு சூடாக்கி மெதுவாகக் குளிரவைத்து இளக்கப்பட்டது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள இத்தகைய செம்பைத் துண்டிக்க ஏறக்குறைய 160 நியூட்டன் விசை வேண்டும், அதாவது சுமார் 16 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். விளக்குகளுக்கு ஓடும் 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 240 நியூட்டன், பிளக் பாயிண்டுக்கான 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 400, ஏசிக்கு இழுக்கும் 4 சதுர மி.மீ. ஒயருக்கு 640 என்று கணக்கு வளரும். இவை தோராயமான எண்கள். மழுங்கிய அலகானால் கூடும். இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுபடும்போது உச்ச விசை குறையும்.

400 நியூட்டன் என்பது 40 கிலோ. வளர்ந்த ஆண் ஒருவர் மூச்சைப் பிடித்துக் கையை இறுக்கினால் கிடைக்கும் உச்ச விசை ஏறக்குறைய அவ்வளவுதான். நாள் முழுக்க வேலை செய்கிறவர் அந்த உச்சத்தைத் தொடவே கூடாது. மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வதே மூட்டுக்கும் தசைநாருக்கும் நல்லது. மீதியை நெம்புகோல்தான் தர வேண்டும்.

பாக்குவெட்டியைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் சூத்திரம் கைப்பழக்கமாகவே தெரியும். கொட்டைப்பாக்கை அலகின் நுனியில் வைத்து யாரும் வெட்டமாட்டார்கள். ஆணிக்கு அருகே தள்ளி வைத்துத்தான் அழுத்துவார்கள். மல்டிடூலிலும் ஒயர் வெட்டும் பகுதி தாடைகளின் அடியில், அச்சாணியை ஒட்டி இருப்பதற்கு இதுவே காரணம். மடித்தால் 10 செ.மீ. நீளம் வரும் வழக்கமான மல்டிடூலைத் திறந்து பிடித்தால், கையின் அழுத்தம் அச்சாணியிலிருந்து ஏறக்குறைய 80 மி.மீ. தொலைவில் விழும். ஒயர் 10 மி.மீ. தொலைவில் இருந்தால் விசை எட்டு மடங்காகும். 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு அப்போது கை தர வேண்டியது 50 நியூட்டன்தான். அதே ஒயரை 16 மி.மீ. தொலைவில் வைத்தால் எட்டு மடங்கு ஐந்து மடங்காகச் சுருங்கி, கை 80 நியூட்டன் தர வேண்டியிருக்கும். சில மில்லிமீட்டர் நகர்த்தலில் உழைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது.

ஆக, 10 சதுர மி.மீ. செம்புகூட, ஆணியை ஒட்டி வைத்தால் 200 நியூட்டனில் அறுந்துவிடும். விசை மட்டுமே பிரச்சினையாக இருந்தால் எல்லா மல்டிடூல்களும் வீட்டுக் கம்பி முன்னால் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

உலோகம் எப்போது பிரிகிறது

அழுத்தத்தின் கீழ் உலோகம் என்ன செய்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஹென்றி டிரெஸ்கா. ஈயம் முதலிய உலோகங்களை அச்சுகளில் அழுத்தியும் துளையிட்டும் பார்த்த அவர், போதிய அழுத்தம் கிடைத்தால் திட உலோகமும் நீர்மம் போல் வழிந்தோடும் என்று 1864-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். ஒரு அடுக்கு அதன் அண்டை அடுக்கின்மேல் வழுக்கத் தொடங்கும் எல்லையே உலோகம் இணங்கிக் கொடுக்கும் எல்லை என்ற அவருடைய விதி இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம். ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.

ஒயரை வெட்டும்போது நடப்பதும் இந்த வழுக்கல்தான். அலகு உலோகத்துக்குள் இறங்குகிறது. உலோகம் முதலில் வழிந்து விலகுகிறது. ஒரு கட்டத்தில் விரிசல் கண்டு பிரிகிறது. அந்தக் கட்டம் எப்போது வரும் என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். வில் உருக்கில் அலகு தடிமனின் ஐந்தில் ஒரு பங்கு இறங்குவதற்குள் கம்பி ‘படக்’கென்று முறிந்துவிடும். இளகிய செம்பு அப்படி முறியாது. தடிமனில் ஏறக்குறைய பாதி வரை அலகு உள்ளே போன பிறகுதான் விட்டுக்கொடுக்கும். மென்மையான உலோகம் வெட்ட எளிது என்பது பாதி உண்மை. விசை குறைவாகப் போதும். ஆனால் அலகு கடைசி வரை கூடவே போக வேண்டும். உருக்கு தானே முறிந்து வேலையை முடித்துத் தரும்; செம்பு முடித்துத் தராது.

இங்கேதான் வெட்டும் முறையின் வேறுபாடு முக்கியமாகிறது. மல்டிடூல்களில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் இரு கூர்முனைகளும் நேருக்கு நேர் வந்து மோதும். இதைக் கிள்ளு வெட்டு எனலாம். மற்றதில் ஒரு அலகு இன்னொன்றை உரசியபடி கடந்து போகும். இது கத்தரி வெட்டு. கிள்ளு வெட்டில் ஒயரின் முனை கூரை போல் இருபுறமும் சரிந்து கூம்பும். கத்தரி வெட்டில் முனை ஏறக்குறையத் தட்டையாக நிற்கும்.

கிள்ளு வெட்டில் கூர்முனைகள் நீளம் முழுக்கத் துளி இடைவெளி இல்லாமல் சந்திக்க வேண்டும். நூறில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் செம்பு அதில் தகடு போல் நசுங்கி, அறுபடாமல் தொங்கும். கத்தரி வெட்டுக்கு வேறு நிபந்தனை. இரு அலகுகளுக்கும் இடையிலுள்ள பக்கவாட்டு இடைவெளி, வெட்டப்படும் பொருளின் தடிமனில் 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் வெட்டு சுத்தமாக விழும் என்பது தகடு வெட்டும் பட்டறைகளின் நெடுநாள் விதி. இடைவெளி அதற்கு மேல் அகன்றால் உலோகம் அறுபடுவதற்குப் பதில் வளைந்து இடுக்குக்குள் இழுபட்டுப் போகும்.

இந்த விதியை ஒயருக்குப் பொருத்திப் பாருங்கள். அமெரிக்க வீடுகளின் சுவருக்குள் ஓடும் கேபிளில் பெரும்பாலும் ஒற்றைத் திடக் கம்பிதான் இருக்கும். அங்கே 12 கேஜ் என்று அழைக்கப்படும் கம்பியின் விட்டம் 2.05 மி.மீ. அதற்கு அனுமதிக்கத்தக்க இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. ஆணியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் கருவியும் இதைச் சமாளித்துவிடும். நம் வீடுகளுக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. ஒயருக்குள் இருப்பதோ 0.3 மி.மீ. இழைகள் 36. அவற்றுக்கு அனுமதிக்கத்தக்க இடைவெளி 0.015 முதல் 0.03 மி.மீ. வரைதான். 0.1 மி.மீ. ஆட்டமுள்ள அதே கருவி இங்கே தோற்றுப்போகும். முப்பது இழைகள் கற்றையாக ஒன்றையொன்று தாங்கி நிற்கும்வரை அறுபடும். கற்றை கரைந்து கடைசி நான்கைந்து இழைகள் தனியாக மிஞ்சியதும் அவை வளைந்து இடுக்கில் நுழைந்துகொள்ளும். பிறகு ஒயரை இழுத்துப் பிய்க்க வேண்டியதுதான்.

ஒரே மல்டிடூலை ஒரு நாட்டுக்காரர் புகழ்வதும் இன்னொரு நாட்டுக்காரர் அலுத்துக்கொள்வதும் இதனால் நேர்கிறது. இருவரும் வெட்டிப் பார்த்தது வேறு வேறு கம்பிகளை. நம் ஊரிலேயே தலைமுறைக்குத் தலைமுறை இந்த மாற்றம் நடந்திருக்கிறது. மூணு இருபது, ஏழு இருபது என்று எலக்ட்ரீஷியன்கள் கேட்டு வாங்கிய பழைய ஒயர்களில் இருந்த 20 கேஜ் இழை ஒவ்வொன்றும் 0.91 மி.மீ. தடிமன். இன்று 4 சதுர மி.மீ. ஒயரில் 0.3 மி.மீ. இழைகள் 56. இழை மூன்றில் ஒரு பங்காக மெலிந்துவிட்டது. குழாய்க்குள் வளைத்து இழுக்க வசதியாகிவிட்டது. வெட்டும் கருவியிடமிருந்து அது எதிர்பார்க்கும் துல்லியமோ மூன்று மடங்காகிவிட்டது.

மிஞ்சிய இழையால் என்ன கெடும்

நாலு இழை போனால் என்ன என்று நினைக்கலாம். 36 இழைகளில் 6 பிய்ந்துபோனால் கடத்தியின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. பிய்ந்த முனை விரிந்து பூத்து நிற்பதால் டெர்மினல் துளைக்குள் எல்லா இழைகளும் போகாது. உள்ளே போனவையும் திருகின் அடியில் சீராக அமராது. தொடும் பரப்பு குறைந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வளரும். மோசமான ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்க, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட் வெப்பம் அந்தச் சின்ன டெர்மினலுக்குள்ளேயே பிறக்கும். பிளாஸ்டிக் இளகுவதும் பிளக் பாயிண்ட் கருகுவதும் இப்படித்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுவிட்டால் நேரடிக் குறுக்குச் சுற்று.

மல்டிடூலின் கத்தியால் ஒயரின் தோலை உரிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. இழைகளில் சில உரித்தலோடு போய்விடும். திடக் கம்பியானால் கத்தி போட்ட கீறலில் தகைவு குவிந்து, பின்னாளில் வளைக்கும்போது அந்த இடத்திலேயே முறியும். அதற்கென்று அளவெடுத்த பள்ளமுள்ள கருவிகள் உண்டு. அந்தப் பள்ளம் ஒயரின் அளவோடு பொருந்தினால் மட்டுமே பயன்.

கடினமும் உறுதியும்

கூர்முனை தன் கூர்மையை எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்பது உருக்கின் கடினத்தன்மையைப் பொறுத்தது. அதை அளக்கும் எளிய முறையை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் உருவாக்கினர். 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1919-இல் பெற்றனர். பால் பேரிங் செய்யும் தொழிற்சாலையில் உருக்கு வளையங்கள் சரியாகப் பதப்பட்டிருக்கின்றனவா என்று விரைவாகப் பார்ப்பதே அவர்களுடைய தேவை. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தோடு உருக்கில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். இந்த ராக்வெல் சி அளவுகோலில் எண் பெரிதாகப் பெரிதாகக் கடினம் அதிகம்.

மின்வேலைக்கென்றே செய்யப்படும் தரமான கட்டரின் கூர்முனை இந்த அளவில் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கூர்முனையை மட்டும் மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தி, மற்ற பகுதியை உறுதியாக விட்டுவைப்பார்கள். மல்டிடூலுக்கு இந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. அதன் ஒரே தலையில் மெல்லிய மூக்கும் இருக்கிறது, வெட்டும் முனையும் இருக்கிறது. முழுத் தலையையும் 60-க்குக் கடினமாக்கினால் மூக்கு முறுக்கும்போது உடையும். மூக்கு உடையாதபடி இளக்கினால் வெட்டும் முனை சீக்கிரம் பள்ளம் விழும். சட்டைப் பையில் வியர்வையோடு கிடக்க வேண்டிய பொருள் என்பதால் துருப்பிடிக்காத உருக்கில் செய்தாக வேண்டும் என்பது இன்னொரு நெருக்கடி. துருவைத் தடுக்கக் குரோமியம் வேண்டும். கடினத்துக்குக் கார்பன் வேண்டும். கார்பன் கூடினால் குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும்.

செம்பை வெட்டிக்கொண்டிருக்கும்வரை இது பெரிய குறையல்ல. செம்பு ராக்வெல் சி அளவுகோலுக்குள்ளேயே வராத அளவுக்கு மென்மை. கேடு வருவது செம்பு போல் தோன்றும் கம்பிகளிலிருந்து. டிவி கேபிளின் நடுவிலுள்ள 1 மி.மீ. கம்பியை எடுத்துக்கொள்வோம். வெளியே செம்பு நிறம். பெரும்பாலான கேபிள்களில் உள்ளே உருக்கு. ஏமாற்று வேலை இல்லை, இயற்பியல். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. அதனால் மேல்பூச்சுக்குச் செம்பு போதும். நடுவில் உருக்கை வைத்தால் விலையும் குறையும், கம்பியும் உறுதியாகும். வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபர் இணையக் கேபிளிலும் இழுவையைத் தாங்க உருக்குக் கம்பி வைப்பதுண்டு. மென்மையான அலகால் இவற்றைத் திரும்பத் திரும்ப வெட்டினால் கூர்முனையில் சிறு பள்ளங்கள் விழும். பள்ளம் 0.3 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். 2 மி.மீ. திடக் கம்பி அதன்பிறகும் அறுபடும். மெல்லிய செம்பிழையோ அந்தப் பள்ளத்துக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும்.

உருக்கைவிடவும் பிடிவாதமான பொருள் ஒன்று இருக்கிறது. டூபாண்ட் நிறுவன வேதியியலாளர் ஸ்டெஃபனி குவாலெக் 1965-இல் கண்டறிந்த அராமிட் இழை, கெவ்லர் என்ற வணிகப் பெயரில் தெரிந்தது, பல ஃபைபர் கேபிள்களுக்குள் மஞ்சள் நூல் கற்றையாகக் கிடக்கும். ஒவ்வொரு இழையும் ஏறக்குறைய 0.012 மி.மீ. அதற்கேற்ற இடைவெளி என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த மல்டிடூலும் அந்தத் துல்லியத்தை எட்டாது. இழைகள் மடங்கி வழுக்கிவிடும். நுண்ணிய பற்களால் இழையைப் பிடித்துக்கொண்டு அறுக்கும் தனிக் கத்தரிதான் அதற்குத் தீர்வு.

வாயிலிருந்து வழுக்கும் கேபிள்

ஒற்றை ஒயரை விட்டு, மூன்று ஒயர்களை ஒரே உறைக்குள் அடக்கிய உருண்டைக் கேபிளுக்கு வந்தால் உராய்வு குறுக்கே வருகிறது. விரிந்த வாய்க்குள் உருளையான பொருளை வைத்து அழுத்தினால், விரிகோணம் பெரிதாக இருக்கும்போது அது முன்னால் பிதுங்கி ஓடும். எந்த இடத்தில் நிற்கும் என்பதை எளிய கணக்கில் சொல்லலாம்: கேபிளின் ஆரத்தை உராய்வு எண்ணால் வகுத்தால் கிடைக்கும் தொலைவுக்கு அப்பால்தான் அது நழுவாமல் நிற்கும். 8 மி.மீ. கேபிளின் ஆரம் 4. பிவிசி உறையின் உராய்வு எண்ணை 0.4 என்று கொண்டால் ஆணியிலிருந்து 10 மி.மீ. தொலைவில் நிற்கும். உறை அறுபட்டு அலகு வழவழப்பான செம்பைத் தொடும்போது உராய்வு 0.2 ஆகிவிட்டால் கேபிள் 20 மி.மீ. தொலைவுக்கு நகரப் பார்க்கும். பல மல்டிடூல்களில் வெட்டும் முனை அதற்குள்ளேயே முடிந்துவிடும். கேபிள் பற்களுள்ள தாடைப் பகுதிக்கு நழுவி, அறுபடாமல் நசுங்கும். கூர்முனை கடித்துப் பிடிப்பதால் உண்மையில் நிலைமை இந்தக் கணக்கைவிடச் சற்று மேல். ஆனால் போக்கு இதுதான்.

கேபிளுக்கென்றே உள்ள கட்டர்களின் அலகுகள் உள்வளைந்து இருப்பது இந்தக் காரணத்தால்தான். வளைவு கேபிளைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் அது தப்பி ஓட வழியில்லை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து நிபெக்ஸ் நிறுவனம் செய்யும் 165 மி.மீ. நீளக் கேபிள் கட்டர் 15 மி.மீ. விட்டம் வரை, 50 சதுர மி.மீ. செம்பு வரை வெட்டும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. உருக்குக் கம்பியை அதில் வெட்டவே கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. செம்புக்காகவும் அலுமினியத்துக்காகவும் மட்டும் மெல்லியதாகத் தீட்டப்பட்ட அலகு அது. எதை வெட்டக் கூடாது என்று முடிவு செய்ததால் கிடைத்த திறமை.

மல்டிடூல் மட்டுமே கையில் இருந்தால், கேபிளின் மேலுறையை முதலில் பிளந்து, உள்ளே இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாக ஆணியை ஒட்டி வைத்து வெட்டுவதே சரியான வழி. முழுக் கேபிளையும் திருப்பித் திருப்பிக் கடித்தால் உள்ளே மூன்று ஒயர்களும் மூன்று நீளத்தில் நிற்கும்.

நான்கு விடைகள்

டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, அடிக்கடி பழுதான காரைச் சரிசெய்யச் சட்டைப் பைக் கத்தி மட்டும் போதவில்லை. பிளேயர் ஒன்றும் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த வடிவத்துக்கு 1980-இல் காப்புரிமை கிடைத்தது. 1983-இல் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் மாடலில் வெட்டும் முனை தலையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தது. பள்ளம் விழுந்தால் விழுந்ததுதான். கைப்பிடிகளோ மடித்த தகட்டால் ஆனவை. பிளேயராகத் திறந்தால் தகட்டின் விளிம்புகள் உள்ளங்கையில் பதியும். அழுத்த அழுத்த வலிக்கும் கைப்பிடி, நெம்புகோல் தரும் ஆதாயத்தைக் கையிலேயே தடுத்துவிடும்.

அதன்பின் வந்த கருவிகள் இந்தக் குறைகளுக்கு வெவ்வேறு விடைகளைத் தேடின. லெதர்மன் நிறுவனமே சர்ஜ், ரீபார், 2018-இல் வந்த வேவ் பிளஸ் போன்ற மாடல்களில் வெட்டும் முனையைத் தனித்துண்டாக்கித் திருகு கொண்டு பொருத்தியது. துண்டு 154சிஎம் என்ற உருக்கு: ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான கார்பன், 14 விழுக்காடு குரோமியம், 4 விழுக்காடு மாலிப்டினம். தலை உறுதியாக இருக்கட்டும், முனை கடினமாக இருக்கட்டும் என்று இரண்டு வேலைகளையும் இரண்டு உருக்குகளுக்குப் பிரித்துக் கொடுத்த விடை இது. முனை தேய்ந்தால் துண்டை மட்டும் மாற்றலாம்.

லெதர்மனைப் போலவே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கெர்பர் நிறுவனம் தன் மல்டி-பிளையர் வரிசையின் சில மாடல்களில் டங்ஸ்டன் கார்பைடு முக்கோணத் துண்டுகளை வைத்தது. ஒரு பக்கம் மழுங்கினால் துண்டைச் சுழற்றி அடுத்த பக்கத்தைப் பயன்படுத்தலாம். மூன்று பக்கங்கள், மூன்று வாழ்நாள்கள். கார்பைடு எந்த உருக்கையும்விடக் கடினம், ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. கம்பியை வாயில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் திருகினால் சில்லு பெயர்ந்துவிடும்.

எஸ்ஓஜி நிறுவனம் விசையின் பக்கம் நின்று சிந்தித்தது. கைப்பிடிக்கும் தாடைக்கும் நடுவே பற்சக்கரப் பற்களை அமைத்துக் கைவிசையைப் பெருக்கியது. விசை இரட்டித்தால் கை நகர வேண்டிய தூரமும் இரட்டிக்கும் என்ற விதியிலிருந்து யாரும் தப்ப முடியாது. அதனால் அந்தக் கருவியின் கைப்பிடிகளை மிக அகலமாக விரிக்க வேண்டியிருக்கும். கை சிறியவர்களுக்குச் சிரமம். தடித்த கம்பிக்கு உதவும் ஏற்பாடு இது. கடைசி இழைக்கு இதனால் ஆதாயம் இல்லை.

சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரைச் சேர்ந்த விக்டோரினாக்ஸ் வேறு வழியில் போனது. அதன் சுவிஸ்டூலில் மாற்றுத் துண்டுகள் இல்லை, பற்சக்கரமும் இல்லை. ராக்வெல் சி 40 வரையிலான கம்பிக்கு என்று எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 40 என்பது ஒரு சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 1250 நியூட்டன் இழுவலிமை. செம்பு, அலுமினியம், ஆணி, சாதாரண இரும்புக் கம்பி எல்லாம் அதற்குள் அடங்கும். 2000-ஐத் தாண்டும் பியானோ கம்பி அடங்காது. பிளேயராகத் திறந்தால் கைப்பிடிகளின் உருண்ட முதுகு உள்ளங்கையில் அமர்வதால் வலி இல்லாமல் அழுத்தலாம்.

இவற்றில் எது சிறந்தது? டிவி கேபிளும் உருக்குக் கம்பியும் அன்றாடம் வெட்டுகிறவருக்கு மாற்றக்கூடிய முனை உள்ள கருவிதான் நீண்ட நாள் உழைக்கும். பன்னிழைச் செம்பை வெட்டுகிறவருக்கு, முனைகள் நீளம் முழுக்கச் சந்திக்கும் கருவி எதுவோ அதுதான். மாற்று முனையுள்ள கருவியில் துண்டுகளின் திருகு தளர்ந்தால் அந்தச் சந்திப்பு கெடும். ஒன்றாக வார்த்த முனையில் இந்தக் கவலை இல்லை, ஆனால் ஒருமுறை உருக்கைக் கடித்தால் மீட்சியும் இல்லை.

மின்சாரம் ஓடாத கம்பி மட்டும்

எந்த மல்டிடூலாக இருந்தாலும் ஒரு வரம்பு மாறாது: அதன் கைப்பிடி வெறும் உலோகம். துருப்பிடிக்காத உருக்கு செம்பைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு மோசமான கடத்திதான். மனித உடலின் தடையோ ஆயிரம் ஓம் அளவில் இருப்பதால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு பொருளும் இல்லை. 230 வோல்ட்டை ஆயிரம் ஓமால் வகுத்தால் 230 மில்லியாம்பியர். வீட்டில் உயிர்காக்க வைக்கும் ஆர்சிசிபி துண்டிப்பது 30 மில்லியாம்பியரில். அதையும் நம்பி வேலை செய்யக் கூடாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே கடியில் வெட்டினால் அலகு இரண்டையும் இணைத்துவிடும். கசிவு எதுவும் இல்லாததால் ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது. சுற்றின் மொத்தத் தடை அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும். எம்சிபி விழுவதற்குள் அலகில் அரைவட்டமாக உருக்கு உருகிப் போயிருக்கும், பொறி முகத்தில் தெறித்திருக்கும்.

மின்னோட்டம் உள்ள கம்பியில் வேலை செய்வதற்கான கைக்கருவிகளுக்கு ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. மாறுதிசையில் 1000 வோல்ட், நேர்திசையில் 1500 வோல்ட் வரை பயன்படுத்தத் தகுந்தது என்று முத்திரை பெறுமுன் கைப்பிடி 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படும். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் அதில் இருக்கும். சாதாரணக் கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் கிடக்கும் வண்ண பிளாஸ்டிக் உறை இந்தச் சோதனைக்கு உட்பட்டதல்ல. பிடிக்க இதமாக இருப்பதற்காகப் போட்டது. மல்டிடூலில் அந்த உறைகூட இல்லை. மெயினை அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே அது கம்பியைத் தொட வேண்டும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை

வாங்குமுன் கருவியை மூடி, வெட்டும் முனைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிள்ளு வெட்டானால் கோடாகக்கூட ஒளி வரக் கூடாது. தாடைகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். உணரும்படியான ஆட்டம் இருந்தால் பன்னிழை ஒயருக்கு அது உதவாது. பிறகு ஒரு துண்டு ஃப்ளெக்சிபிள் ஒயரிலிருந்து ஒற்றை இழையை உருவி, முனையின் அடியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, நுனியில் ஒருமுறை வெட்டுங்கள். மூன்று இடத்திலும் இழை சத்தமில்லாமல் விழுந்தால் அந்தக் கருவி உங்கள் வீட்டுக் கம்பி அனைத்தையும் வெட்டும். அடியில் மட்டும் வெட்டினால் வேலை நடக்கும், கவனம் வேண்டும். எங்குமே வெட்டாவிட்டால், எவ்வளவு தடித்த கம்பியை அது முறிக்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் மின்வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

அன்றாடம் கேபிள் வெட்டுகிறவர் காப்பிடப்பட்ட கட்டிங் பிளேயரையும் உள்வளைந்த அலகுள்ள கேபிள் கட்டரையும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மல்டிடூல் அவற்றுக்கு மாற்று இல்லை. கருவிப்பெட்டி கையில் இல்லாத நேரத்தில், மெயின் அணைந்த நிலையில், ஒரு ஒயரை ஒழுங்காகத் துண்டித்துத் தருவது அதன் வேலை. அதை அது செம்மையாகச் செய்கிறதா என்பதை 36-ஆவது இழையை வைத்து மதிப்பிடுங்கள். டெர்மினலுக்குள் போகாமல் மிஞ்சினால் சூடேற்றப்போவது அந்த இழைதான்.